வெனிஸ் நகரை அரை நாளில் பார்த்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்

இத்தாலிக்குப் புறப்படும் நண்பர்கள் தங்கள் பயணத்திட்டத்தைக் காட்டும்போதெல்லாம், ஒரு காலத்தில் நானும் செய்த பிழைகள் அப்படியே அதில் இடம்பெற்றிருப்பதைக் காண்கிறேன். பணப்பையில் கவனம் வேண்டும், கோடையில் கூட்டம் இருக்கும் என்பன போன்ற, எல்லாரும் அறிந்த எச்சரிக்கைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

காலையில் வந்து மாலையில் திரும்புவது

பெரும்பாலான திட்டங்களில் வெனிஸ், ஃபிளாரன்ஸுக்கும் மிலானுக்கும் இடையே இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊராகவே இருக்கிறது. பதினொரு மணிக்கு வந்து இறங்கி, ரியால்ட்டோ பாலத்தையும் சான் மார்க்கோ சதுக்கத்தையும் பார்த்துவிட்டு, மாலையில் ரயிலேறினால் ஓர் இரவின் விடுதி வாடகை மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. அன்றே திரும்பும் பயணிகள் அனைவரும் அதே நேரத்தில்தான் ஊருக்குள் இருக்கிறார்கள். இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அதே சந்துகளின் வழியாகத்தான் சதுக்கத்துக்கு நடக்கிறார்கள்.

எவ்வளவு சொல்லியும் கேளாமல் நண்பர் ஒருவரின் குடும்பம் அப்படித்தான் போய் வந்தது. பெட்டிகளை ரயில் நிலையத்தில் ஒப்படைக்க ஒரு வரிசை, படகுச் சீட்டுக்கு இன்னொரு வரிசை. வபோரெட்டோ எனப்படும் பொதுப் படகில் 75 நிமிடங்களுக்குச் செல்லும் ஒரு சீட்டின் விலை 9.50 யூரோ என்பதால், நால்வருக்கும் போக 38, வர 38. முதலாம் எண் படகு கிராண்ட் கால்வாயை முழுவதும் கடந்து செல்வது உண்மையே. ஆனால் நெரிசலில் நடுவே சிக்கியவர்கள் கரையோர மாளிகைகளைப் பார்க்கவில்லை, முன்னால் நின்றவரின் முதுகுப்பையைத்தான் பார்த்தார்கள். சான் மார்க்கோ பேராலய வரிசை நகரவே இல்லை. உள்ளே போகாமலேயே திரும்பினார்கள். போதாக்குறைக்கு, குறிப்பிட்ட நாள்களில் காலை 8.30 முதல் மாலை 4 மணிக்குள் வந்து அன்றே திரும்புவோரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் ஒன்று 2024-இல் தொடங்கியது; முன்கூட்டியே பதிவு செய்யாதவருக்கு 2025-இல் அது தலைக்கு 10 யூரோ. இரவு தங்குவோர் விலக்குக்குப் பதிவு செய்துகொண்டால் போதும், அதைக் கட்ட வேண்டியதில்லை. ஆகவே மிச்சம் என்று அவர்கள் எண்ணியதில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிட்டது.

ஓர் இரவு தங்கினால் மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சதுக்கத்தில் நிற்கலாம். அந்நேரத்தில் கால்வாய் ஓரங்களில் சரக்குப் படகுகளிலிருந்து காய்கறிக் கூடைகளும் விடுதிகளின் சலவை மூட்டைகளும் இறங்கிக்கொண்டிருக்கும். பாலத்துப் படிகளில் ஏற வாகாக முன்புறம் இரண்டு சிறு சக்கரங்கள் கூடுதலாகப் பொருத்திய கைவண்டிகளை ஆட்கள் படிப்படியாக உந்தி ஏற்றுவதை நின்று பார்க்கலாம்.

வெனிஸ் தீவுக்குள் வாடகை கட்டுப்படியாகாது என்றால், நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்குங்கள். அதுவும் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததால் கட்டண விலக்கு அங்கும் உண்டு, ரயிலில் பத்து நிமிடப் பயணம்தான். தீவுக்குப் போக இறங்க வேண்டிய நிலையம் மட்டும் ‘வெனிசியா சாந்தா லூச்சியா’. ‘வெனிசியா மெஸ்த்ரே’ என்ற பெயரைப் பார்த்ததும் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

முகவரியை நம்புவது

வெனிஸில் கதவு எண்கள் தெருவாரியாகப் போவதில்லை. நகரின் ஆறு வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர் எண்வரிசைதான். ‘கன்னரேஜோ’ என்ற வட்டாரப் பெயரும் நான்கிலக்க எண்ணும் மட்டும் கையில் இருந்தால் விடுதியைக் கண்டுபிடிப்பது கடினம். அருகிலுள்ள படகுத்துறையின் பெயரையும் தேவாலயத்தின் பெயரையும் விடுதியாரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கொண்டோலா

பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. இது படகுக்கான கட்டணம், ஆளுக்கல்ல. அதில் ஏறி நின்றால் போதும் என்பவர்கள், கால்வாயைக் குறுக்கே கடக்கும் ‘திராகெத்தோ’ என்ற பொதுக் கொண்டோலாவில் 2 யூரோ கொடுத்து ரியால்ட்டோ சந்தைக்குப் போகலாம்.

சதுக்கத்தில் அமர்ந்து காப்பி

அங்குள்ள காப்பிக்கடைகளில் வாசிக்கப்படும் இசைக்கும் தனிக் கட்டணம் போடுவார்கள். வேறு சந்தில் நின்றுகொண்டு குடியுங்கள்.

புறாக்களுக்குத் தீனி

2008 முதல் தடை. அபராதம் உண்டு.

சான் மார்க்கோ மணிக்கூண்டின் வரிசை

1902-இல் இடிந்து விழுந்து 1912-இல் மீண்டும் எழுப்பப்பட்ட கோபுரம் அது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் அந்தக் கோபுரத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். சான் சக்கரியா துறையிலிருந்து இரண்டாம் எண் படகில் ஒரே நிறுத்தம் சென்றால், எதிரே உள்ள சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தேவாலயத்தின் மணிக்கூண்டுக்கும் மின்தூக்கி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் வரிசை இருப்பதில்லை.