முதலில் ரூட்டரைப் பூட்டுங்கள்

ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண், வெளியே தெரிந்தால் வீட்டுக் கதவு எண்ணே தெரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறக்குறைய எந்த ஊர், பொதுவாக அவ்வளவுதான் தெரியும். எனக்குப் பெரிய கவலை, வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்து தரும் பெட்டியான ரூட்டர்தான். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் அதன் அமைப்புப் பக்கம் வரும்; வராவிட்டால் ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அப்புறம், வெளியிலிருந்தே ரூட்டரின் அமைப்புகளை மாற்ற விடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியே அனுப்பும் சேவை) போட்டால் நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது, ஆனால் விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். பிள்ளைகள் போனில் ஏதோ ஒரு இலவச விபிஎன்னைப் போட விடாதீர்கள்.