வலிக்காத கால் புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது?

புரட்டாசி பிறந்தால் எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து பலர் திருமலைக்கு நடந்தே கிளம்பிவிடுவார்கள். வெறுங்காலோடு தார் ரோடு, அப்புறம் அலிபிரியில் 3,550 படி. போன வருஷம் என் மாமனார் திரும்பி வந்த மூன்றாம் நாள் படுக்கை விரிப்பில் ஈரக்கறை. பெருவிரலுக்கு அடியில் நாணய அளவுக்குப் புண். "வலிச்சா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றார். பன்னிரண்டு வருஷச் சுகர் அவருக்கு, அதில் கால் மரத்துப்போயிருந்தது.

முதலில் புண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்ளங்காலில், சுற்றிலும் தோல் காய்த்து, வலி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் மரத்துப்போன காலில் வந்த புண். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம், தோல் கறுத்து, கால் வீங்கி, நரம்புச் சுருட்டலும் தெரிந்தால் ரத்தம் தேங்கியதால் வந்தது. நாள் முழுக்கத் தறியடியில் நிற்பவர்கள் இதைக் கவனிக்கணும். விரல் நுனியில் புண், பாதம் சில்லிட்டு, ராத்திரி காலைத் தொங்கப்போட்டால்தான் வலி அடங்குகிறதா? ரத்தம் போய்ச் சேரவில்லை. இந்தக் காலில் இறுக்கிக் கட்டினால் விரலே போய்விடலாம். வீக்கத்துக்கு இறுக்குக் கட்டு போடுவதை டாக்டர் நாடி பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மரத்திருக்கிறதா என்ற சோதனை. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் மெதுவாக ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி போயிருக்கிறது. மாமனாருக்கு நான்கு தெரியவில்லை.

கழுவுவது சுலபம். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, நார்மல் சலைன் அல்லது கொதித்து ஆறிய தண்ணீரால் புண்ணைக் கழுவி, ஒற்றி, சுத்தமான காஸ் துணி வைத்து லேசாகக் கட்டுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். வெந்நீரில் கால் ஊற வைக்கவும் வேண்டாம், சுடுவதே தெரியாது. காய்த்த தோலை பிளேடால் சீவாதீர்கள், அது டாக்டர் வேலை.

இனிதான் முக்கியமானது: புண்ணின் மேல் பாரம் விழக் கூடாது. நாங்கள் முதலில் போன கிளினிக்கில் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார்களே தவிர, இதை யாரும் சொல்லவில்லை. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மரத்துப்போன பாதங்களில் இதைத்தான் கண்டார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாமல் புண் மேலேயே நடப்பதுதான் காரணம். நமக்கு முள் குத்தினால் நொண்டுகிறோம் அல்லவா, அந்த நொண்டல்தான் பாதத்தைக் காப்பாற்றுகிறது. மரத்த கால் நொண்டாது. அதனால்தான் பாரத்தைப் பரப்பிவிட முழங்கால் வரை மாவுக்கட்டு மாதிரி ஒன்றோ தனிச் செருப்போ போடுகிறார்கள். ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு. "தறி வரைக்கும் தானேம்மா" என்று பேரம் பேசுவார் மாமனார். அந்தப் பத்தடியும் கணக்குதான்.

சுகர் உள்ளவருக்குச் சின்னப் புண் என்றாலும் ஓரிரு நாளில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம், காய்ச்சல், விரல் கறுப்பது, எலும்பு தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போங்கள். ஆந்திர எல்லை தாண்டி நகரிப் பக்கம் போனால் புண்ணைத் தெலுங்கில் 'புண்டு' என்பார்கள்; எந்த ஊர் டாக்டரிடமும் சுகர் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மாமனாருக்கு ஆறப் பதினோரு வாரம் ஆனது. இந்தப் புரட்டாசிக்கு பஸ்ஸில் போகிறார். ராத்திரி உள்ளங்காலைப் பார்க்க, பையில் ஒரு கைக்கண்ணாடி வைத்திருக்கிறேன்.