மணற்காட்டு மணல்மேட்டை இம்ப்ரெஷனிச முறையில் (அந்த நேரத்து வெளிச்சத்தை நிறங்களால் பிடிக்கும் முறை) கீறுவது

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கு மணற்காட்டில் காலை 6.30க்குத் தொடங்கி 8 மணிக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு வெயில் மேலேறி நிழல் சுருங்கிவிடும், தொடங்கிய படம் வேறு, எதிரே நிற்கும் மேடு வேறு. 12×16 அங்குலக் கன்வஸ் போதும். முதல் நாளே மெல்லிய மஞ்சள் ஓக்கர் (மண்மஞ்சள் வர்ணம்) பூசிக் காயவிடுங்கள். வெள்ளைத் துணியில் மணலின் வெளிச்சத்தைச் சரியாக எடைபோட முடியாது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்து வானம், கடல், மேடு, நிழல் என நான்கு துண்டாக மட்டும் பிரியுங்கள். மணலில் வளரும் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் கடைசியில்.

முழு உயிரும் நிழலில்தான் இருக்கிறது. கறுப்பைத் தொடாதீர்கள். மணல் நிழலில் நீலவானம் விழுகிறது: அல்ட்ராமரின் நீலம், துளி அலிசரின் சிவப்பு, வெள்ளை. வெயில் பக்கத்துக்கு வெள்ளையுடன் ஓக்கர், நுனியளவு கட்மியம் ஒரேஞ். தட்டில் இரண்டு தடவைக்கு மேல் குழைக்காதீர்கள், நிறம் செத்துச் சேறாகும். முகட்டில் இரண்டு நிறத்தையும் அருகருகே வையுங்கள், தேய்த்து இணைக்க வேண்டாம்.

தூரத்துச் சவுக்கு மரங்களுக்குப் பச்சையைவிட நீலச்சாம்பல் பொருந்தும்.

காற்றுக்கு ஸ்டாண்டில் மணல் நிரப்பிய உரப்பையைத் தொங்கவிடுங்கள். ஈர வர்ணத்தில் மணல் ஒட்டினால் துடைக்காதீர்கள், இழுபட்டுக் கீறல் விழும். நன்றாகக் காய்ந்தபின் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். மீதி இருந்தால் இருக்கட்டும்: இம்ப்ரெஷனிச ஓவியர் மொனே 1870இல் பிரான்சின் துரூவில் (Trouville) என்ற ஊர்க் கடற்கரையில் வரைந்த படத்திலும் மணல் ஒட்டியே இருக்கிறது.