மாஜரின் பெட்டியில் 471 என்ற எண்

பாணில் பூசும் மாஜரின் தாவர எண்ணெய்தானே, அதற்கெதற்கு ஹலால் கேள்வி என்று ஹட்டன், பதுளைப் பக்கம் சிலர் கேட்பதுண்டு. எண்ணெயில் சிக்கல் இல்லை. எண்ணெயும் நீரும் பிரியாதிருக்கச் சேர்க்கும் 471 என்ற குழம்பாக்கியைத்தான் பார்க்க வேண்டும். அது பாம் எண்ணெயிலிருந்தும் வரலாம், பன்றிக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்! அருகில் 'தாவர மூலம்' என்றிருந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. கொழுப்புக் குறைத்த வகைகளில், விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் தேடுங்கள். 322 என்ற எண்ணும் இருக்கலாம்; அதுவும் ஒரு குழம்பாக்கிதான், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின். பொடி எழுத்தை வாசிக்க முடியாவிட்டால் ஹலால் சான்று முத்திரையைப் பாருங்கள். பெரிய கட்டியிலிருந்து வெட்டித் தாளில் சுற்றித் தரும் கடையானால், மூலப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார்.