அயல்நாட்டுக் காவலில் இருப்பவருக்கு உதவ முதல் வழக்குக் கோப்பைத் தயாரிக்கும் முறை

மலேசியாவில், காவலில் இருக்கும் அயல்நாட்டவருக்கு உதவும் ஒரு குழுவில் ஈராண்டு தன்னார்வலராக இருந்துவிட்டு வேலூர் திரும்பிய என்னிடம், இவ்வேலைக்குப் போக விரும்பும் இளைஞர்கள் கேட்பதெல்லாம் சட்டப் படிப்பு வேண்டுமா என்பதுதான். வேண்டியதில்லை, வழக்கறிஞர் கையில் கொடுக்கத்தக்க கோப்பைப் பிழையின்றித் தயாரிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் சுற்றுலா விசாவில் போகாதீர்கள். அழைக்கும் அமைப்பின் வழியாக உரிய அனுமதி பெற்றே புறப்படுங்கள்.

முதற்படி ஒப்புதல் கடிதம். காவலில் இருப்பவரோ நெருங்கிய உறவினரோ கையெழுத்தோ கைநாட்டோ இட்டுத் தராமல் எந்த அலுவலகத்துக்கும் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

இரண்டாம் படி பெயர். நான் இடறியது இங்கேதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஓர் அம்மா, வேலை அனுமதியை முதலாளி புதுப்பிக்காததால் பிடிபட்ட தம் மகனைத் தேடித் தரும்படி கேட்டார். கோவிந்தன் மகன் சேகர் என்று வைத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி கோ. சேகர் என்று நான் குடிவரவு முகாமுக்கு எழுதிக் கொடுக்க, அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. பதினொரு நாள் வீணானது. அவர் அதே முகாமில்தான் இருந்தார். கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப்பெயராக இருந்ததால், பதிவேட்டில் கோவிந்தன் என்று மட்டுமே ஏறியிருந்தது. கடவுச்சீட்டு எண்ணைக் கொண்டு தேடியிருந்தால் முதல் நாளே கிடைத்திருப்பார். அந்த அம்மா அனுப்பிய நகலின் படத்தில் காகித மடிப்பு கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்திருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி மடிப்பை நீவிப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணாக வாசித்த பிறகுதான் அவர் இருப்பது தெரிந்தது. ஆகவே முதலில் எண்ணை வாங்குங்கள், பிறகு பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி பிடிபட்ட தேதி. மலேசிய அரசமைப்புச் சட்டப்படி, கைதானவரை 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். குடிவரவுச் சட்டத்தில் பிடிபட்ட அயல்நாட்டவருக்கோ அந்தக் கெடு 14 நாள். நான் தொலைத்த பதினொரு நாள் போக மிஞ்சியது மூன்றே நாள். பிறர் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், அப்படி நடந்திருந்தால் அதையும் தேதியோடு குறியுங்கள். இதற்கெல்லாம் நான் நம்புவது நீளமான கட்டு நோட்டு ஒன்றையே. கைப்பேசியை முகாம் வாயிலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கைப்பேசிக்குள் காவலில் உள்ளவர்களின் பெயர்கள் இருப்பதும் நல்லதல்ல.

நான்காம் படி தூதரகம். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமை உண்டு என்பதைக் கைதானவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டால்தான் தூதரகத்துக்குத் தகவல் போகும். வீட்டுக்கு ஒரு நிமிடம் பேசக் கிடைத்தாலும், "எங்கள் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று அதிகாரியிடம் கேட்கும்படி வீட்டார் அவரிடம் சொல்ல வேண்டும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் அன்றே புகாரைப் பதியுங்கள்.

மாதக்கணக்கில் காரணமின்றி வைத்திருந்தால், காரணமற்ற காவலை விசாரிக்க 1991இல் அமைக்கப்பட்ட ஐ.நா. பணிக்குழுவுக்கு வழக்கறிஞர் வழியாக எழுதலாம். உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் முடித்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. விடுதலை எப்போது என்று வீட்டார் கேட்பார்கள், நாள் சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஈழத்தமிழ் வாசகர் ஒருவர், அகதியாகப் போய்ப் பிடிபட்ட தம் உறவினருக்கும் நான்காம் படி பொருந்துமா என்று கேட்டார். பொருந்தாது, நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். எந்த அரசுக்கு அஞ்சி ஒருவர் ஓடினாரோ, அந்த அரசின் தூதரகத்துக்கு அவர் ஒப்புதல் இன்றித் தகவல் தரவே கூடாது. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. கோலாலம்பூரில் உள்ள ஐ.நா. அகதிகள் ஆணையத்தைத்தான் அணுக வேண்டும். ஆனால் 2019 ஆகஸ்டில் குடிவரவு முகாம்களுக்குள் அவர்களையும் நுழையவிடாமல் நிறுத்தினார்கள். ஆகவே அவர்களிடம் அகதி அட்டையின் எண்ணைக் கொடுப்பதோடு நிற்காமல், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையும் அதே நாளில் பிடியுங்கள்.