பின் ஆக்ஸில் உறுமுகிறதா? டிஃபரன்ஷியலைப் பிரிப்பதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை

பழைய அம்பாசிடர், பத்மினி, ஜீப், சுமோ என்று பின் சக்கரம் தள்ளும் வண்டி ஏதாவது வைத்திருக்கிறீர்களா? பட்டறைக்குப் போய் "பின்னாடி உய்ங்குனு சத்தம் வருதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் வண்டியைத் தொடும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "கிரவுன் போயிடுச்சு சார், மாத்திடலாம்." பின் ஆக்ஸில் நடுவே இருந்து சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன். கிரவுன் போயிருக்கலாம்தான். ஆனால் டயர், ஹப் பேரிங் (சக்கர மையத்தில் இருப்பது), ஜாயின்ட் கிராஸ் (சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு) இந்த மூன்றும் ஏறக்குறைய அதே மாதிரி சத்தம் போடக்கூடியவை. கிரவுன் பினியன் வேலையைவிட மூன்றுமே செலவு குறைந்தவை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று கவனித்தாலே ஆளைப் பிடித்துவிடலாம்.

முதலில் குனிந்து பாருங்கள்

இது நம் காவிரி டெல்டாவுக்கே உரிய வேலை. அறுவடை முடிந்தால் ரோட்டில் வைக்கோல். அடுத்து உளுந்தும் பயறும் செடியோடு பரப்பிக் கிடக்கும், போகிற வண்டி ஏறிக் காயை உடைத்துக் கொடுக்கட்டும் என்று. அதன் மேல் ஓட்டினால் தாள் போய் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். ஷாஃப்ட் டிஃபரன்ஷியலோடு சேரும் பினியன் முகப்பில் இறுகி ஆயில் சீலைத் தின்னும். நுனி மட்டும் தொங்கினால் அடித்தட்டில் 'பட் பட்' என்று அடிக்கும். அறுத்து எடுத்து விடுங்கள். சைலன்சர் பக்கம் சிக்கிய தாளையும் விடாதீர்கள், சூட்டில் பற்றிக்கொள்ளும்.

அப்படியே டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங்கில் ஆயில் வழிந்திருக்கிறதா, பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் ஈரம் என்றால் ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. பிரேக் லைனிங்கிலும் ஆயில் இறங்கியிருக்கும்.

கியர் ஆயில்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹவுசிங்கின் நடு உயரத்தில் உள்ள லெவல் பிளக்கைக் கழற்றி விரலை விடுங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். ஆயிலை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் கழற்ற வேண்டியது இந்த மேல் பிளக்தான். கீழ் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேலே உள்ளது துரு பிடித்துச் சுற்ற மறுத்தால், ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.

விரலில் வந்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக, கெட்டியாக இருந்தால் பழசு, அவ்வளவுதான். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் ஓடும்போது தாண்டிப் போயிருப்பீர்கள். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். ஹவுசிங்கின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் துருப்பிடித்து, அடுத்த கோடையில் சத்தமாக வரும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். இந்த வண்டிகளில் இருக்கும் ஹைப்பாய்டு வகை கிரவுன் பினியனில் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அதனால் ஈ.பி. 90 போன்ற ஹைப்பாய்டு கியர் ஆயில்தான். எஞ்சின் ஆயிலை ஊற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

வடித்த ஆயிலில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருப்பது சகஜம். விரலில் நெருடும் உலோகச் சில்லு சகஜமில்லை.

டயரை ஒதுக்குங்கள்

காற்றை வழக்கத்தைவிட ஐந்து பவுண்டு கூட்டி, தார் ரோட்டிலும் ஊருக்குள் இருக்கும் சிமென்ட் ரோட்டிலும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ரோடு மாறும்போது சத்தம் மாறினால் டயர்தான். டிஃபரன்ஷியலுக்கு எந்த ரோடும் ஒன்றுதான். சோதனை முடிந்ததும் காற்றைப் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முக்கியமான கட்டம் இதுதான். விடிகாலையில், ரோடு காலியாக இருக்கும்போது போங்கள். ரேடியோ வேண்டாம், கண்ணாடி பாதி இறங்கியிருக்கட்டும். பின் சீட்டில் காது கூர்மையான ஒருவரை உட்கார வையுங்கள். முன்னால் இருப்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாது.

சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள், பிறகு காலை எடுங்கள். நமக்கு மலை கிடையாது; ஆனால் ஆற்றுக்கு ஆறு பாலம் இருக்கிறது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எதுவானாலும் சரி. பாலத்தில் ஏறும்போது பாரம் இழுக்கும், இறங்கும்போது எஞ்சின் பிடிக்கும். கைப்பிடிச் சுவரில் பட்டு எதிரொலிக்கும்போது சத்தம் தெளிவாகவும் கேட்கும்.

அழுத்தும்போது மட்டும் 'உய்ங்ங்' என்று ஏறி, காலை எடுத்ததும் அடங்கினால் கிரவுன் பினியன் பற்களின் முன்பக்கம் தேய்ந்திருக்கலாம், அல்லது இரண்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். தலைகீழாக, காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் முதல் சந்தேகம் பினியன் பேரிங் தளர்ச்சி. கால் என்ன செய்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் ஹப் பேரிங்காக இருக்கும். அகலமான இடத்தில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சக்கரத்துக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங்கைப் பாருங்கள். நேராகப் போகும்போது அமைதி, முக்குத் திரும்பும்போது மட்டும் கடகட என்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருந்து, திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் ஸ்டார் கியரும் அதன் வாஷரும்.

கிளட்சை விடும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் பெரும்பாலும் ஜாயின்ட் கிராஸ். மெதுவாகப் போகும்போது தாளம் போட்டு வரும் சத்தமானால் எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமார் நாலு சுற்று சுற்றிவிடும். சக்கரச் சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் சக்கரம், ஹப் அல்லது கிரவுன் பக்கம். நாலு தட்டு என்றால் ஷாஃப்ட் அல்லது பினியன் பக்கம்.

வண்டி நிற்கும்போது எஞ்சினை முறுக்கினாலே அதே சத்தம் வந்தால், பின்னால் தேட வேண்டியதே இல்லை.

ஜாக்கி போடும் முன்

பழைய வண்டிகளில் பெரும்பாலும் கைப்பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும். இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கிவிட்டால் கைப்பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தூக்கினாலும், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்ற விடுவதால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கல். ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட். வயல் ஓரத்து ஈரமண் என்றால் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினைப் போட்டுக் கியரில் விடும் வேலை வேண்டவே வேண்டாம்.

தூக்கும் முன் இன்னொன்று. கைப்பிரேக்கைப் பிடித்து நியூட்ரலில் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கிராஸின் இரு பக்கமும் ஒன்றுபோல் திரும்பாவிட்டால் கோளாறு கிராஸில். பினியன் முகப்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பினியன் பேரிங்.

பிறகு தூக்கி, கைப்பிரேக்கை விட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒரு கையை ஹப்புக்குப் பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கெட்ட பேரிங் காதில் கேட்கும் முன்பே விரலில் கரகரப்பாகத் தெரியும்.

பட்டறையில்

"பினியன் நட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்கினால் சத்தம் போயிடும்" என்று யாராவது சொன்னால் கையைத் தடுங்கள். அந்த நட்டு பேரிங்கின் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. கண்டபடி இறுக்கினால் நல்ல பேரிங்கும் சூடேறிப் போகும். பினியன் சீல் மாற்றிய பிறகு புதிதாகச் சத்தம் வந்திருந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

கிரவுன் பினியன்தான் என்று முடிவானால் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தேய்த்துப் பொருத்தித்தான் தொழிற்சாலையில் முடிப்பார்கள். பழைய சாமான் கடையில் எடுப்பதானால் இரண்டிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றுதானா என்று பாருங்கள். பற்களையும் எண்ணி, உங்கள் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போனால் மட்டும் காசு கொடுங்கள்.