பார்டர் கடைய தாண்டி வீடு போய்ச் சேர்றது எப்படி

எனக்கு தென்காசில வேலை, செங்கோட்டைல வீடு, நடுவுல புரோட்டாவுக்குப் பேர் போன பார்டர் கடை இருக்குற பிரானூர். ஊர் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். ஏழரை ஆனா பைக்கு தானா ஓரங்கட்டும், நாலு புரோட்டா, மேல சால்னா, ஒரு பிளேட் சிக்கன், பொறவு வீட்டுக்குப் போய் அம்மா மனசு நோகக்கூடாதேன்னு ரெண்டு வாய் சோறு. சுகர் பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் சொன்னப்ப "எந்த பார்டர் டாக்டர்"னு கேட்டு திட்டு வாங்கினேன்.

இத்தனைக்கும் அங்க இப்போ பார்டரே கிடையாது. செங்கோட்டை திருவிதாங்கூரோட இருந்தப்ப அது எல்லை, 1956 நவம்பர் 1-ல இந்தப் பக்கம் சேர்ந்ததும் எல்லை புளியரைப் பக்கம் போயிருச்சு, நாம இன்னும் பார்டர் கடைன்னுதான் சொல்லுதோம். நாக்குக்கே விடல, வயித்துக்கு எங்க விடும்.

சரி, இந்த மாதிரி பழக்கத்த எப்படி மாத்துறதுங்குற விசயத்துக்கு வாரேன். மொதல்ல ஒரு வாரம் எதையும் விடாதீங்க, எழுத மட்டும் செய்ங்க. எத்தனை மணி, எந்த எடம், கூட யாரு, அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க. நான் எழுதிப் பாத்தா, லீவு நாள்ல ஏழரைக்கு புரோட்டா நெனப்பே வரல, அப்போ இழுத்தது பசி இல்ல, அந்த ரோடு. அமெரிக்கால 2011-ல வந்த ஒரு ஆராய்ச்சில தியேட்டர்ல சிலருக்கு ஒரு வாரம் பழசான பாப்கார்ன கொடுத்துருக்காங்க, எப்பவும் பாப்கார்ன் திங்கிறவங்க நல்லாயில்லன்னு தெரிஞ்சும் புதுசு மாதிரியே தின்னுருக்காங்க. அதே பழக்கம் உள்ளவங்களுக்கு மீட்டிங் ரூம்ல கொடுத்தப்ப அப்படி திங்கல, பழக்கமில்லாத கையால திங்கச் சொன்னப்பவும் குறைஞ்சுருக்கு. (இடது கையால புரோட்டாவ பிச்சுப் பாக்கலாம்னு நெனச்சேன், வீட்ல பாத்தா அடி விழும்.)

அதனால மனசோட மல்லுக்கட்டாம வழிய மாத்துங்க. நான் பைக்க வீட்லயே விட்டுட்டு சாயங்காலம் பாசஞ்சர்ல வர ஆரம்பிச்சேன். பையில அவிச்ச கடலை கண்டிப்பா இருக்கும், வெறும் வயித்தோட எவனும் திருந்த முடியாது.

அடுத்தது புதுப் பழக்கம். "இனிமே டெய்லி நடக்கணும்"னு சொன்னா நடக்காது. ஏற்கெனவே தெனமும் நடக்குற ஒண்ணோட அதக் கட்டி விடணும், "ரயில் விட்டு எறங்குனா நேரா வீட்டுக்கு நடை, ஆட்டோ கெடையாது", இவ்ளோதான். இது நடந்தா அது செய்வேன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிறது வேலை செய்யுதுன்னு பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல்காரர் ரொம்ப வருசமா ஆராய்ச்சி பண்ணி காட்டிருக்காரு. சாரல் சீசனுக்கும் தனியா ஒண்ணு வேணும், நான் "தூறல்னா குடை, கொட்டுனா வீட்டுக்குள்ள பத்து நிமிசம்"னு வச்சேன். அது இல்லாத மொத வருசம் ஜூன்லயே எல்லாம் புட்டுக்கிச்சு.

21 நாள்ல பழக்கம் வந்துரும்னு வாட்ஸப்ல வரும், நம்பாதீங்க. லண்டன்ல பிலிப்பா லாலி குழு 2009-ல வெளியிட்ட ஆய்வுல 96 பேர 84 நாள் கவனிச்சாங்க, தானா செய்ற அளவுக்கு வர நடுத்தரமா 66 நாள், ஆனா ஆளுக்கு ஆள் 18-ல இருந்து 254 வரைக்கும் ஆகும்னு கணக்கு போட்டுச் சொன்னாங்க. தண்ணி குடிக்கிற மாதிரி லேசானது சீக்கிரம் வந்துரும், உடற்பயிற்சி லேட்டாகும். அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு நாள் ரயில விட்டுட்டு பிரண்டு பைக்ல வந்து மூணு புரோட்டா தின்னேன், அடுத்த நாள் மறுபடி ரயில்.

எனக்கு நடை கிட்டத்தட்ட நாலு மாசத்துல ஒட்டிக்கிச்சு. இப்போ ஞாயித்துக்கெழமை மட்டும் குடும்பத்தோட கடைக்குப் போவோம், ஆளுக்கு ரெண்டு. "என்ன தம்பி, வெளியூரு போயிட்டீங்களா"ன்னு அண்ணாச்சி கேட்டாரு. ரயில்ல வாரேன் அண்ணாச்சின்னேன்.